டொச் கதைக்கும் வழிகாட்டியுடன் ஒரு நாள்

1

எங்களுடைய இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு மகள் மீரா தந்த பரிசு ஒரு தாள். கடித உறைக்குள் மடித்து வைத்திருந்தாள். விரித்தால் மேலே பனைமரப் படம், கீழே டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சில வரிகள்: மன்னார். மடங்கள், புராதன இடங்கள், பனை வைன். வழிகாட்டியுடன் ஒரு முழு நாள், டொச் மொழியில்.

பனை வைன் என்று எழுதியிருந்தது கள்ளைத்தான். என் கணவர் தவம் அதை வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரி யன்னலைச் சாத்தினார்.

"மன்னார்க்காரிக்கு மன்னாரைக் காட்ட டொச் கதைக்கிற வழிகாட்டியோ?"

"எனக்கும் யோனாசுக்கும் விளங்கவேணும், அப்பா," என்றாள் மீரா. யோனாஸ் அவளுடைய சிநேகிதன். நாலு வருடமாக இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அதை எங்கள் சொந்தக்காரருக்குச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

மீரா தமிழில் தொடர்ந்து பேசக்கூடியது இவ்வளவுதான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருபத்தெட்டு வருடமாக ஜேர்மனியில் இருக்கிற என் டொச்சும் அவள் தமிழைப் போலத்தான். முதியோர் இல்லம் ஒன்றின் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்கிறேன். மெசினோடு பேசத் தேவையில்லை. படுக்கை விரிப்பு, சவர்க்காரம், காய்ச்சல், சாவு, இப்படியான சொற்களைச் சுற்றித்தான் என் டொச் நிற்கிறது. கலியாணம் முடித்த புதிதில் வெளிநாட்டவர் கந்தோரில் ஒருமுறை, 'நான் கலியாணம் முடித்த ஆள்' என்று சொல்ல வெளிக்கிட்டு, 'நான் கைது செய்யப்பட்ட ஆள்' என்று சொல்லிவிட்டேன். டொச்சில் இரண்டு சொல்லும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. கந்தோர்ப் பெண் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது சிரிப்பு வரவில்லை.

2

ஆவணி மாதம் நால்வரும் போனோம். யாழ்ப்பாணத்தில் தவத்தின் ஆட்களைப் பார்த்துவிட்டு, கடைசி மூன்று நாளைக்கு மன்னார். தாழ்வுபாட்டுக் கரையோரம் ஒரு ஹோட்டல். எனக்கு அங்கே போய்ப் பார்க்க ஒருவரும் மிச்சமில்லை. அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள், அண்ணன் கனடாவில். விடத்தல்தீவுப் பக்கத்தில் எங்கள் வயலை வேறு யாரோ செய்கிறார்கள்.

காலை எட்டு மணிக்கு வெள்ளை வான் ஒன்று வந்து நின்றது. சாரதிப் பக்கக் கதவைத் திறந்து ஒரு மனிதர் இறங்கினார். நரைத்த மீசை, சட்டையில் பெயர் அட்டை, தலையில் வெள்ளைத் தொப்பி. தொப்பியைக் கழற்றி, சுத்தமான டொச்சில், "காலை வணக்கம். என் பெயர் றெஜி. இன்று மாலை ஆறு மணி வரை நான் உங்களுடையவன்," என்றார்.

மீராவும் யோனாசும் சிரித்தார்கள். நான் தவத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

அவர் எல்லாருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. "வாங்கோ அக்கா," என்றார், வழியில் போகிற எந்தப் பொம்பிளைக்கும் சொல்வது போல.

"தலை இடிக்குது. நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் அறையில இருக்கிறன்," என்றேன் தவத்திடம்.

"அம்மா, நீ வரவேணும். இது உனக்கு," என்றாள் மீரா. சொல்லும்போது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. பரிசைத் தட்டிவிட்டேன் என்ற கவலை என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். றெஜி வான் கதவை இழுத்துச் சாத்தினார்.

3

றெஜி யார் என்று சொல்லவேண்டும். அந்த வானுக்குள் அது தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

இடம்பெயர்ந்து தோட்டவெளியில் சித்தப்பா வீட்டில் இருந்த காலம், மன்னார் டவுணில் தட்டெழுத்து வகுப்புக்குப் போனேன். பக்கத்து மெசினில் தாழ்வுபாட்டுப் பெடியன் ஒருவன். என்னைவிட இரண்டு மடங்கு வேகமாக அடிப்பான், அடித்ததைத் திரும்ப வாசிக்கமாட்டான். நான்தான் அவனுக்குப் பிழை பார்த்துக் கொடுப்பேன். ஒன்றரை வருடம் பிழை பார்த்தேன். நாங்கள் வயல் செய்கிற சைவ ஆட்கள், அவன் கடல் தொழில் செய்கிற வேதக்காரன், கத்தோலிக்கன். இரண்டு வீட்டிலும் வாயே திறக்கமுடியாது. அண்ணன் என்னை வெளியில் அனுப்ப ஒழுங்கு செய்தபோது நாங்கள் இருவரும் சந்தோசப்பட்டோம். நான் முதலில் போவது, விசா எடுத்ததும் அவனைக் கூப்பிடுவது. மன்னார்ப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றபோது சைக்கிளில் பின்னால் வந்து நின்று, "மறந்திடாதையும்," என்றான். அவ்வளவுதான்.

ஜேர்மனியில் அகதி முகாமில் விசாரணைக்கு முதல் நாள் கூட இருந்த பெண்கள் சொன்னார்கள்: கலியாணம், காதல் என்று ஒன்றும் சொல்லாதே, கேள்வி கூடும், தனி ஆள் என்று சொல், சுகம். நானும் அப்படியே சொன்னேன். அது கோப்பில் ஏறிவிட்டது. பிறகு ஒவ்வொரு கந்தோரிலும் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார்கள். திருத்தப் போனால் முழுக் கதையும் பொய் என்பார்கள் என்று பயம். வழக்கு நிராகரிக்கப்பட்டது. திருப்பி அனுப்புகிற நிலை வந்தபோது அண்ணன், விசா உள்ள ஒரு மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர்தான் தவம்.

றெஜியின் கடைசிக் கடிதம் கலியாணத்துக்கு மூன்று கிழமைக்கு முன் வந்தது. முழுக்க டொச்சில் எழுதியிருந்தான். இங்கே வந்ததும் வேலை எடுக்க வசதியாக இருக்கும் என்று படித்திருக்கிறான். நான் அந்த நாட்டில் இருந்தே படிக்காததை அவன் மன்னாரில் இருந்து படித்துவிட்டான். எனக்கு அது விளங்கவில்லை. விளங்கக்கூடிய ஒருவரிடமும் காட்டவும் முடியாது. அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பார்த்தேன். கடைசி வரியைத்தான் முழுசாக விளங்கிக்கொண்டேன்: ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும்.

அந்த ஒரு சொல்லை நான் எழுதவில்லை.

4

கோட்டையில் தொடங்கினோம். ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் என்று றெஜி சொல்லச் சொல்ல யோனாஸ் குறிப்பெடுத்தான். சுவரேறி நின்று கடலைப் பார்த்தார்கள். அங்கிருந்து பள்ளிமுனைப் பெருக்கமரம். அதைச் சுற்றிக் கைகோத்துப் பார்க்க எங்கள் நாலு பேரின் கை காணாது என்று றெஜி வந்து சேர்ந்துகொண்டார். ஐந்து பேருக்கும் கை எட்டவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் என் கையைப் பிடித்திருந்தது மீராவா, வேறு ஆளா என்று தெரியாமல் நின்ற அந்த ஒரு நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. யோனாஸ்தான் பிடித்திருந்தான்.

வானுக்குள் மீராவுக்கும் றெஜிக்கும் பேச்சு நிற்கவில்லை. டொச்சில் பேசியதை, எனக்கு விளங்காத இடங்களைப் பிறகு மீராவிடம் கேட்டு, இங்கே எழுத்துத் தமிழில் தருகிறேன்.

"இவ்வளவு நல்ல டொச் எங்கே படித்தீர்கள்?"

"இங்கே ஒரு கன்னியர் மடத்தில். ஜேர்மனியிலிருந்து வந்த ஒரு சிஸ்டர் இருந்தார். ஆறு வருடம் அவரிடம் படித்தேன். இன்று அந்த மடத்துக்கும் போகிறோம்."

"வழிகாட்டியாக வரவா படித்தீர்கள்?"

"இல்லை. ஜேர்மனிக்குப் போக நினைத்தேன். மூன்று தரம் விசாவுக்குக் கேட்டேன். மூன்று தரமும் இல்லை என்றார்கள்."

"அவனுகள் அப்பிடித்தான் அண்ணை," என்றார் தவம் தமிழில், அரைவாசி விளங்கி. "குடுத்து வைச்சிருக்கவேணும்."

நான் யன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு உப்பளத்தைப் பார்த்தேன். அவரிடம் ஒரு வசனம் பேசவேண்டும் என்று உள்ளே முட்டிக்கொண்டு வந்தது. தமிழில் பேசினால் தவத்துக்கு விளங்கும். டொச்சில் பேசினால் பிள்ளைகளுக்கு விளங்கும். அதுவும் என் டொச்சில் என்னத்தைப் பேசுவது? இரண்டு மொழிக்காரர் ஏறியிருந்த வானில் எங்கள் இருவருக்கும் என்று ஒரு மொழி இல்லை. அவருடைய பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிடரி மயிரும் நரைத்துவிட்டது.

திருக்கேதீச்சரத்தில் பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைத்தோம். மாந்தைத் துறைமுகத்துக்கு ஒருகாலம் எந்தெந்த நாட்டுக் கப்பல் வந்தது என்று கதை. மேட்டில் கிடந்த ஓட்டுத்துண்டு ஒன்றை யோனாஸ் எடுக்கப் போக, "வேண்டாம், கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்," என்றார் றெஜி. யோனாஸ் குழந்தை மாதிரிக் கையை எடுத்தான். விடத்தல்தீவுக்குத் திரும்புகிற சந்தியை வான் தாண்டியபோது தவம், "உம்மட ஊருக்குப் போற வழி இதுதானே? ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வருவமோ?" என்றார். "திட்டத்தில இல்லை," என்றேன் அவசரமாக. பின்பக்கம் பார்க்கிற கண்ணாடிக்குள்ளால் றெஜி என்னைப் பார்த்தது அப்போதுதான், முதல் தரம்.

5

அந்த மடத்தில் இப்போது மூன்று சிஸ்டர்மார்தான் இருக்கிறார்கள். கிணற்றடியில் வாழை, பின்னால் சின்னக் கல்லறைத் தோட்டம். ஜேர்மன் சிஸ்டரின் கல்லறையைப் பார்க்கப் பிள்ளைகள் போனார்கள். தவம் கழிவறை தேடிப் போனார். நான் விறாந்தையில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தேன்.

றெஜி ஒரு தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். கொஞ்சம் தள்ளி நின்று நீட்டினார்.

"தண்ணி குடியுங்கோ."

"என்னைத் தெரியுமோ?" என்றேன். என்ன கேள்வி!

"ஹோட்டல் பட்டியல்ல பேர் கிடந்தது. பிறந்த இடமும் கிடந்தது. மூண்டு நாளா எனக்குத் தெரியும்."

"பேந்து ஏன் வந்தனீங்கள்? வேற ஆளை விட்டிருக்கலாமே."

"மன்னாரில டொச் கதைக்கிற வழிகாட்டி நான் ஒராள்தான்."

சொல்லிவிட்டு அவரே மெல்லச் சிரித்தார். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, "கௌரி, நீர் ஒண்டும் சொல்லிப்போடாதையும்," என்றார்.

'நீங்கள்' போய்ப் பழைய 'நீர்' திரும்பி வந்தது. ஆனால் அவர் சொன்னது விளங்கவில்லை. "நானோ? நான் ஆரிட்டச் சொல்லப்போறன்?"

"உம்மட மனுசனிட்டயோ மகளிட்டயோ சொன்னால் அது இங்க வந்து சேரும். ஹோட்டல்காரர் எல்லாம் எங்கட ஊர் ஆக்கள். என்ர மனுசிக்குத் தெரியாது. சிஸ்டர் என்னை மொழிபெயர்ப்பாளரா ஆக்க ஆசைப்பட்டுப் படிப்பிச்சவ எண்டுதான் அவவுக்குச் சொன்னனான். பெடியள் ரெண்டு பேருக்கும் அதுதான் கதை. அப்பா எவ்வளவு கெட்டிக்காரன் எண்டு பள்ளிக்கூடத்தில சொல்லித் திரிஞ்சவங்கள். இப்ப போய், ஒரு பொம்பிளைக்குப் பின்னால போகப் படிச்சது எண்டு சொல்லேலுமே?"

இவ்வளவு காலமும் நான்தான் ஒளித்துக்கொண்டு இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவரும் தன் வீட்டுக்குள் அதே மாதிரித்தான் இருந்திருக்கிறார்.

"றெஜி, அண்டைக்கு நான் எழுதாதது…"

"தவம் அண்ணை வாறார்," என்றார். முகம் பழையபடி வழிகாட்டி முகம். "இந்த விறாந்தைத் தூண் எல்லாம் ஒல்லாந்தர் காலத்துக் கல்லு, அக்கா."

6

அரிப்பில் அல்லிராணிக் கோட்டை, கடல் தின்று மிச்சம் விட்ட செங்கல் சுவர். சிலாவத்துறையில் ஒரு முஸ்லிம் அம்மாவின் சாப்பாட்டுக் கடையில் மீன் சாப்பாடு. திரும்பத் தீவுக்குள் வரும்போது மணி நாலரை. கரையோரம் மின்சாரம் எடுக்கிற காற்றாடிகள் வரிசையாகச் சுழன்றுகொண்டு நின்றன. இன்னும் ஒன்றரை மணித்தியாலம், பிறகு இந்தக் கதவு திறக்கும் என்று நான் எண்ணிக்கொண்டு இருந்தேன்.

கடைசி இடம் பனந்தோட்டம் ஒன்று. நிழலில் வாங்கு போட்டு, பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் கள்ளு வார்த்துத் தந்தார்கள். பொரித்த மீனும் இருந்தது. யோனாஸ் ஒரு வாய் குடித்துவிட்டு, புளித்த ரொட்டி மாதிரி இருக்கிறது என்றான். தவம் இரண்டாவது பிளாவுக்குக் கை நீட்டினார்.

மீரா குடிக்கவில்லை. யோனாசின் கையைப் பிடித்துக்கொண்டு றெஜியிடம் திரும்பினாள்.

"ஒரு உதவி செய்வீர்களா? அம்மாவுக்கு ஒன்று சொல்லவேண்டும். என் தமிழ் காணாது. அம்மாவின் டொச்சும் காணாது. அரைகுறையாகச் சொல்லிப் பிழையாக விளங்கிவிடக்கூடாது. அதற்காகத்தான் டொச்சும் தமிழும் தெரிந்த ஆளாகப் பார்த்துப் பதிந்தேன்."

றெஜி பிளாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். தப்பிப் போக அவருக்கும் வழியில்லை.

மீரா பேசினாள். நிறுத்தாமல் பேசினாள். முடித்ததும் றெஜி தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் சொன்னார்:

"மீராவுக்கும் யோனாசுக்கும் கலியாண எழுத்து முடிஞ்சுதாம், கந்தோரில பதிஞ்சாச்சாம். போன மாசியில. உங்களுக்குச் சொல்லாததுக்கு மன்னிப்புக் கேக்கிறா. பயத்திலதான் சொல்லேல்லையாம். கொண்டாட்டம் இன்னும் வைக்கேல்லை, அது நீங்கள் ஓம் எண்டு சொன்னாப் பிறகுதானாம்."

நான் தவத்தைப் பார்த்தேன். அவர் பிளாவுக்குள் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"சாட்சிக் கையெழுத்து நான்தான் வைச்சனான்," என்றார் மெல்ல.

என் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஆறு மாதம் மூவரும் என்னைச் சுற்றிவர நின்று ஒளித்திருக்கிறார்கள். கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிட வேறொன்று என்னை இழுத்தது. மீரா சொன்னதில் ஒரு சொல் என் காதில் விழுந்திருந்தது. வேலை செய்கிற இடத்தில் கிழமைக்கு ஒரு தரமாவது கேட்கிற சொல். அது றெஜியின் தமிழில் வரவில்லை.

"ஒண்டை விட்டிட்டீங்கள்," என்றேன் அவரிடம். "ஆரோ செத்ததெண்டு சொன்னவ."

"அது தேவையில்லை அக்கா."

"சொல்லுங்கோ."

அவர் மீராவை ஒருதரம் பார்த்தார். பிறகு சொன்னார். "நீங்கள் அழுதால் பரவாயில்லையாம். கோவிச்சு, கதைக்காமல் இருக்கிறதுக்குத்தான் பயமாம். சின்னனில இருந்தே, நீங்கள் அப்பிடிக் கதைக்காமல் இருக்கேக்க வீட்டில ஆரோ செத்துக் கிடக்கிறமாதிரி இருக்குமாம். ஆர் செத்தது எண்டு தனக்கு ஒருநாளும் தெரியாதாம்."

மீரா என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். என் பிள்ளை, தன் அம்மாவுக்கு ஒரு சொல்லைச் சொல்ல ஆள் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறாள். பேசாமல் எழும்பி வானுக்குள் போய் இருந்திருப்பேன், வேறு நாளாக இருந்தால்.

"அவவுக்குச் சொல்லுங்கோ," என்றேன். மகளைப் பார்த்துத்தான் தொடங்கினேன். எந்த இடத்தில் என் கண் அவரிடம் போனது என்று தெரியாது. "நான் கோவிக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. ஏன் சொல்லாமல் விடுறது எண்டு எனக்குத் தெரியும். நானும் ஒருக்கா விட்டனான். ஒரு ஆள் என்ர பதிலைப் பாத்துக்கொண்டு இருக்குது எண்டு தெரிஞ்சும் விட்டனான். முதல்ல பயத்தில. பேந்து வெக்கத்தில. நாள் போகப்போக வெக்கம் பெருத்துப்போச்சு, அதுக்குள்ளயிருந்து வெளியில வர ஏலாமல் போச்சு. வீட்டில செத்துக் கிடந்தது அதுதான். என்னில பிழை. மன்னிக்கச் சொல்லிக் கேக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

தவம் தலையை நிமிர்த்தினார்.

"அம்மா என்ன சொன்னார்? என்ன சொன்னார்?" என்று மீரா அவசரப்பட்டாள்.

றெஜி மொழிபெயர்த்தார். நான் சொல் சொல்லாகக் கேட்டுக்கொண்டு இருந்தேன். இந்தமுறை ஒன்றையும் விடவில்லை. 'வெக்கம்' என்ற இடத்தில் மட்டும் அவருடைய டொச் கொஞ்சம் தடுக்கியது. முடித்தபிறகு, நான் சொல்லாத ஒன்றைத் தன்பாட்டில் சேர்த்தார்: "அம்மாவை இப்போதே பதில் சொல்லுங்கள், மீரா. ஆளைக் காக்க வைக்காதீர்கள்."

பிறகு தன் பிழை விளங்கி, "அம்மாவுக்கு," என்று திருத்தினார். நாள் முழுக்க அவர் விட்ட ஒரே பிழை.

மீரா எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். யோனாஸ் என்ன செய்வதென்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டான். தவத்துக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிளாவை உயர்த்திக்கொண்டு றெஜியிடம் போய் அவர் தோளில் கை போட்டார்.

"அண்ணை, நீங்கள் இல்லாட்டி இண்டைக்கு இது நடந்திராது. கொண்டாட்டத்துக்கு நீங்கள் கட்டாயம் வரவேணும். இல்லை, இல்லை, பகிடியில்லை. நாங்கள் ஸ்பொன்சர் போடுறம். மூண்டு தரம் இல்லையெண்டவனுகளுக்கு நாலாம் தரம் காட்டுவம்!"

றெஜி தோளில் இருந்த கையைத் தள்ளவில்லை. "பாப்பம் அண்ணை," என்றார்.

7

கள்ளு வெறியில் சொன்னது, விடிந்தால் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். தவம் மறக்கவில்லை. ஜேர்மனிக்குத் திரும்பிய இரண்டாம் கிழமை வெளிநாட்டவர் கந்தோரில் படிவம் எடுத்து வந்தார். அவருக்கு இப்போது நிரந்தர வேலை இல்லை. நிரந்தர வேலை உள்ள ஆள்தான் விருந்தாளிக்குப் பொறுப்பு நிற்கலாம்.

"நீர்தான் கையெழுத்து வைக்கவேணும்," என்றார்.

அந்தப் படிவம் குசினி மேசையில் நாலு நாள் கிடந்தது. சாப்பிடும்போது தள்ளிவைப்பேன், பிறகு இழுத்துவைப்பேன். ஐந்தாம் நாள் வேலையில் லீவு கேட்டுப் போய், கந்தோரில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இவ்வளவு சின்ன வேலை அது.

விசா கிடைத்துவிட்டது. கொண்டாட்டத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம், றெஜி போன் எடுத்தார். நான் விரிப்புகள் அடுக்கியிருந்த அறைக்குள் போய் நின்று பேசினேன்.

"விசா குத்தி வந்திருக்கு. பாத்துக்கொண்டே இருக்கிறன்," என்றார்.

"எப்ப வாறீர்?"

"நான் வரேல்லை, கௌரி."

அவர் தொடர்ந்தார். குரலில் ஒரு கோபமும் இல்லை.

"இவ்வளவு நாளும் போகேலாமல் இருந்தனான். இப்ப போகாமல் இருக்கிறன். ரெண்டும் ஒண்டில்லை. பாஸ்போட்டைக் கொண்டுபோய் என்ர மனுசியிட்டக் குடுத்தனான். டொச் ஏன் படிச்சனான் எண்டும் சொல்லிப்போட்டன். ரெண்டு நாள் கதைக்கேல்லை. மூண்டாம் நாள், அந்தப் பொம்பிளை இப்ப எப்பிடி இருக்கிறா எண்டு கேட்டா."

"என்ன சொன்னனீர்?"

"பிள்ளையோட கதைக்கத் தொடங்கியிருக்கிறா எண்டு சொன்னனான்."

கொண்டாட்டம் நன்றாக நடந்தது. "என்ன மனுசன் இவர், விசா கிடைச்சும் வரேல்லை," என்று தவம் மண்டபம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். மீரா மட்டும் என் பக்கத்தில் வந்து இருந்து, ஏன் வரவில்லை என்று டொச்சில் கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் முழுவதையும் சொன்னேன், என் டொச்சில். சொல் இல்லாத இடத்தில் தமிழைப் போட்டேன். அவள் ஒரு பிழையும் திருத்தவில்லை. முடிந்ததும் ஒன்றுதான் கேட்டாள்: "அப்பாவுக்கு?"

தவம் நல்ல மனிதர். இருபத்தைந்து வருடத்தில் என்னை ஒரு சொல் உரத்துச் சொன்னதில்லை. பனந்தோட்டத்தில் அவர் தலை நிமிர்த்தினதை நான் கண்டேன். அதன்பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது தெரிந்ததாலா, தெரியாததாலா என்று எனக்குத் தெரியாது. அவரும் நானும் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம், அந்தக் கேள்வி நடுவில் இருக்கிறது. அவருக்கு வாயால் சொல்ல எத்தனையோ தரம் வெளிக்கிட்டேன். ஒவ்வொரு முறையும் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டுவிட்டு எழும்பிப் போகிறேன்.

அதனால்தான் எழுதினேன். ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு என்றுதான் தொடங்கினேன். ஆனால் உங்களுக்கு முன் வாசிக்கவேண்டிய ஆள் பக்கத்து அறையில் இருக்கிறார். தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் ஓடுகிறது. இடைவேளை வந்துவிட்டது போல, சத்தம் குறைந்திருக்கிறது. தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டேன். கண்ணாடி இல்லாமல் அவரால் வாசிக்க முடியாது. கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போகிறேன்.